பிறந்தநாள் வாழ்த்து வேண்டாம், ரிவ்யூ தேதியைச் சொல்லுங்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் எங்கள் குடும்பம் 30 வருடமாக சுகர் கிளினிக் நடத்துகிறது. மாமனார் ஆரம்பித்தது. இப்போது என் கணவர் பார்க்கிறார், நிர்வாகம் என் பொறுப்பு. மாமனார் காலத்தில் வாசல்படி ஏறும்போதே, "ஏனுங்க, கால் புண்ணு ஆறிருச்சுங்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்பார். இப்போது அப்படி முடிவதில்லை. பைபாஸில் பெரிய மருத்துவமனையின் கிளை வந்த பிறகு பழைய ஆட்கள் பலரைக் காணவே காணோம். போன மாதம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் வந்தார். "எட்டாயிரம் பேருடைய டேட்டா உங்களிடம் சும்மா கிடக்கிறது. எங்களிடம் கொடுங்கள். யார் அதிகம் செலவு செய்பவர், யார் கைவிட்டுப் போகப்போகிறவர் என்று சொல்லிவிடுவோம். பிறந்தநாள் வாழ்த்து, சலுகை, பாயிண்ட் எல்லாம் தானாகவே போகும்" என்கிறார். வாங்கலாமா? நோயாளிகளின் விவரத்தை இப்படிக் கொடுப்பது சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து வாங்கலாம். அதற்குள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பில்லிங் கம்ப்யூட்டரையும் ஒரு நீள நோட்டையும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த சாஃப்ட்வேரை வாங்கினாலும், குப்பையை வண்ண வண்ணப் படமாகப் போட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்த எட்டாயிரம். ஒரு திங்கட்கிழமை காலை உங்கள் ரிசப்ஷனில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஓ.பி. சீட்டைத் தொலைத்துவிட்டு ஒரு பாட்டி வருவார். "பேருங்க?" "பழனியம்மா." திரையில் முப்பது பழனியம்மாள் இருப்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. தேடிக்கொண்டிருக்க முடியாது, அந்தப் பெண் புது நம்பர் போட்டுவிடுவார். பெயரை ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருவர் ஒரு 'எல்' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். இனிஷியல் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால். வயது கேட்டால் "ஐம்பது இருக்கும்". ஐந்து வருடமாக ஐம்பதுதான் இருக்கும். பிறந்த தேதியை நிரப்பாமல் சில சாஃப்ட்வேர்கள் அடுத்த பக்கத்துக்கு விடாது என்பதால், பாவம், அந்தப் பெண் எல்லாருக்கும் ஜனவரி 1 என்று போட்டிருப்பார். பிறந்தநாள் வாழ்த்துத் திட்டத்தை நீங்கள் வாங்கினால் புத்தாண்டு அன்று உங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள்!

இது வெறும் கேலி இல்லை. ஒரே பழனியம்மாளுக்கு நான்கு நம்பர் இருந்தால் கணினியின் கணக்கில் அவர் நான்கு பேர். அதில் மூன்று பேர் 'வருவதை நிறுத்திவிட்டவர்கள்'. கம்பெனிக்காரர் உங்களிடம் காட்டப்போகும் 'கைவிட்டுப் போனவர்கள்' கோடு பயமுறுத்தும் அளவுக்கு உயரமாக இருக்கும். அதில் பாதி, உங்கள் முன்னாலேயே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களாகக்கூட இருக்கலாம்.

ஆகவே மதியம் கூட்டம் குறைகிற இரண்டு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். போன் நம்பர், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர் மூன்றையும் ஒப்பிட்டு, ஒரே ஆளின் நம்பர்களை ஒன்றாக்கச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்றாக்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பேருடைய ரத்தப் பரிசோதனை ஒரே ஃபைலில் கலப்பது, ஒருவர் இரண்டாகத் தெரிவதைவிட ஆபத்து. மருத்துவப் பதிவுகளுக்காக மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா எண் வைத்திருப்பவர்களிடம் அதையும் வாங்கிக் குறிக்கலாம். இல்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அடுத்து, போன் நம்பர் யாருடையது? இதை எந்த சாஃப்ட்வேர்காரரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பதிவில் பழனியம்மாளுக்கு நேராக இருக்கும் எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். அல்லது பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. ஒரு முறை அவரை அழைத்து வந்த ஆட்டோக்காரருடைய எண்ணைக்கூட நான் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளை அந்த போனில் விளையாடிக்கொண்டிருப்பான். அதற்கு நீங்கள் 'உங்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவு' என்று அனுப்பினால் யார் படிப்பார்கள்? எனவே போன் நம்பருக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். 'யாருடைய போன்' என்று ஒன்று, 'மெசேஜ் அனுப்பலாமா, கூப்பிட மட்டும் வேண்டுமா' என்று இன்னொன்று. கேட்பதற்குப் பத்து வினாடி ஆகும்.

மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொல்வேன். அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன், நான் செய்த தப்பு அது. பல வருடங்களுக்கு முன் ஒரு பிரசவ மருத்துவமனையில் ரெக்கார்டு பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் மெசேஜ் போகிற ஏற்பாட்டை நான்தான் எழுதினேன். கடைசி மாதவிடாய் தேதியை வைத்துக் கணக்குப் போட்டு, ஐந்தாம் மாதம் ஸ்கேன் நினைவூட்டல், ஏழாம் மாதம் ஒரு வாழ்த்து என்று தானாகப் போகும். நன்றாகத்தான் ஓடியது. ஒரு பெண்ணுக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. எங்கள் மருத்துவமனையிலேயே. தியேட்டர் ரெஜிஸ்டரில் அது இருந்தது, பில்லில் இருந்தது, டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது. என் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அது ரிசப்ஷனில் பதிந்ததை மட்டும்தான் படிக்கும். மூன்று மாதம் கழித்து அந்தக் கணவர் வந்து போனைக் கவுண்டர்மேல் வைத்தார். திரையில் 'ஏழாம் மாத வாழ்த்துகள்' என்று நான் எழுதிய வரி. அவர் சத்தம் போடவில்லை. போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் போகிற இடத்திலெல்லாம் 'நிறுத்து' என்று ஒரு கட்டம் வைக்கச் சொல்கிறேன். இறந்துவிட்டார், கரு கலைந்தது, வேறு டாக்டரிடம் போகிறார், கூப்பிடாதீர்கள் என்றார் — எதுவாக இருந்தாலும் சிஸ்டரோ லேப் பையனோ யார் கேள்விப்பட்டாலும் அதில் டிக் போடலாம். அந்த டிக் இருந்தால் எதுவும் போகக் கூடாது. உங்கள் கம்பெனிக்காரரிடம் கேளுங்கள், அவருடைய சாஃப்ட்வேரில் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று.

சரி, இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். சுகரில் ஒரு சங்கடம், அது வலிக்காது. பல்வலிக்காரரை நீங்கள் கூப்பிடத் தேவையில்லை, வலியே கூட்டிக்கொண்டு வந்துவிடும். சுகர்காரருக்கு விழித்திரையில் பாதிப்பு ஆரம்பித்திருக்கும், பார்வை நன்றாகவே இருக்கும். சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பித்திருக்கும், ஒரு தொந்தரவும் தெரியாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் செருப்புக்குள் கல் இருப்பதே தெரியாது. உடம்பு நினைவூட்டாததை உங்கள் பதிவேடு நினைவூட்ட வேண்டும். உங்கள் மாமனார் மண்டைக்குள் வைத்திருந்தது இந்தப் பதிவேட்டைத்தான். அவர் கால் புண்ணை விசாரித்தது மரியாதைக்காக மட்டும் என்றா நினைக்கிறீர்கள்?

ஒவ்வொரு சுகர் நோயாளிக்கும் நான்கு தேதி போதும். ஹெச்பிஏ1சி கடைசியாக எப்போது பார்த்தது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்த்தது எப்போது, பாதம் பார்த்தது எப்போது, சிறுநீரகத்துக்காகச் சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்தது எப்போது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால்தான் ஹெச்பிஏ1சி ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. சுகர் கட்டுக்குள் இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கட்டுக்குள் இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மற்ற மூன்றும் வருடத்துக்கு ஒரு முறையாவது. யாருக்கு இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் கணவர் சொல்ல வேண்டியது. இந்த நான்கு தேதியில் எது தாண்டிப் போயிருக்கிறது என்று வாரம் ஒரு முறை பட்டியல் எடுக்க எக்செல் போதும். அனலிட்டிக்ஸ் என்று பெரிய பெயர் வைத்தாலும் உங்களுக்கு வேண்டிய அனலிட்டிக்ஸ் முக்கால்வாசி இதுதான்.

பட்டியல் எடுத்ததும் எல்லாருக்கும் மெசேஜ் தட்டிவிடாதீர்கள். முதல் இரண்டு மாதம் போனில் பேசட்டும். பழைய சிஸ்டர் ஒருவர் இருப்பார் இல்லையா, நோயாளிகளுக்குக் குரல் தெரிந்தவர், அவரே கூப்பிடட்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் போதும். "டாக்டர் உங்களைக் கேட்டாருங்க, ஆறு மாசமாக் காணோமேன்னு. நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்து, பதிலைக் கேட்டு, கேட்டதை அப்படியே நோட்டில் எழுதட்டும். 'வரவில்லை' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன வார்த்தை வேண்டும்.

என்னென்ன வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சிலர் இறந்திருப்பார்கள். அப்போது சிஸ்டர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைக்கட்டும், 'நிறுத்து' கட்டத்தில் டிக். சிலர் போன வருடச் சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். டாக்டருக்கு உடனே தெரிய வேண்டியவர்கள் இவர்கள்தான். சிலர் மகன் வீட்டோடு போயிருப்பார்கள். இன்னும் சிலருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருக்கும். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையோடு தன்னார்வலர் வீடு தேடி வருகிறார். இவர்கள் பைபாஸ் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள் என்று நீங்கள் கணக்கு எழுதியிருப்பீர்கள். மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், கண்ணும் காலும் பார்க்க வருடத்துக்கு ஒரு தடவை உங்களிடம் வரட்டும், அரசு கொடுத்த அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு இடத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அதுதான் வழி.

ஆனால் என் அனுபவத்தில் சுகர் கிளினிக்கை விட்டுப் போகிறவர்கள் அதிகம் சொல்லும் காரணம் வேறு. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கிறார்கள். அப்புறம் பக்கத்து ஓட்டலில் நான்கு இட்லி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். அப்புறம் ரிப்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் டாக்டருக்கு டோக்கன். வீடு திரும்பும்போது மணி இரண்டு. அன்றைய கூலி போச்சு. கூட வந்தவர் கூலியும் போச்சு. இதற்குப் பிறந்தநாள் வாழ்த்து என்ன செய்யும்?

ஒரு வாரம் மட்டும் டோக்கன் சீட்டின் பின்பக்கம் நான்கு நேரம் எழுதச் சொல்லுங்கள்: வந்தது, முதல் ரத்தம், இரண்டாவது ரத்தம், டாக்டர் பார்த்தது. வார முடிவில் கூட்டிப் பாருங்கள். அந்த இரண்டு மணி நேரம் உடம்பின் கணக்கு, அதைக் குறைக்க முடியாது. மிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். நான் பார்த்த ஒரு இடத்தில் இரண்டாவது ரத்தத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவில்தான் எல்லா நேரமும் போனது. லேப் பையன் இருபது சாம்பிள் சேரட்டும் என்று காத்திருந்தான். மெஷினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! பத்து சேர்ந்ததும் போடு என்றார்கள், நோயாளிகள் ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போனார்கள். உங்கள் இடத்தில் காரணம் வேறாக இருக்கலாம். சீட்டின் பின்பக்கம் பார்த்தால் தெரியும்.

மெசேஜ் அனுப்பும் கட்டம் வரும்போது ஒரு விஷயம். நோயின் பெயரோ பரிசோதனையின் பெயரோ மருந்தின் பெயரோ அதில் இருக்கக் கூடாது. "வணக்கம். டாக்டர் உங்களை 14ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். அன்று முடியாவிட்டால் இந்த எண்ணில் கூப்பிட்டு வேறு நாள் கேளுங்கள்." இவ்வளவு போதும். வெறும் வயிற்றில் வர வேண்டுமென்றால் அதைச் சேர்க்கலாம். தமிழில் அனுப்புங்கள், கடைசியில் கூப்பிட ஒரு எண் கொடுங்கள், அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்கட்டும். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டி.எல்.டி. என்ற அனுப்புநர் பதிவு வேண்டும், வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். அதைக் கம்பெனிக்காரர் செய்து கொடுப்பார், அந்த ஒரு விஷயத்துக்கு அவர் உதவுவார்.

'அதிகம் செலவு செய்பவர் யார்' என்ற பட்டியலுக்கு வருகிறேன். இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்காவில் நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கே பெரிய மருத்துவமனைகள் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு நிரலைப் பயன்படுத்தின. ஒருவருடைய மருத்துவச் செலவை வைத்து அவருடைய நோயின் கடுமையை அது கணித்தது. 2019இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அதன் குட்டை உடைத்தது. அதே அளவு நோயிருந்தும் கறுப்பின மக்களுக்குச் செலவழிக்கப்பட்டது குறைவு. ஆகவே 'இவர்களுக்கு நோய் குறைவு' என்று நிரல் எடுத்துக்கொண்டது. அந்தக் கோணலைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்குக் காட்டினார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. செலவைத் தேவை என்று வாசித்ததுதான் பிழை. உங்கள் ஊரில் அது எப்படி இருக்கும்? கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் தறி ஓட்டுபவர் பணமில்லாமல் டெஸ்டைத் தள்ளிப்போடுவார், பட்டியலில் கடைசிக்குப் போவார். நன்றாக இருக்கும் லாரி ஓனர் வருடம் இரண்டு மாஸ்டர் செக்கப் செய்துகொண்டு முதலிடத்தில் இருப்பார், அவருக்குத்தான் சிஸ்டர் போன் செய்துகொண்டிருப்பார். அந்தப் பட்டியலை நீங்கள் எடுக்கவே வேண்டாம்.

பாயிண்டும் அப்படித்தான். 'உறவினரை அழைத்து வந்தால் இத்தனை பாயிண்ட்' என்று அவர் சொல்லியிருந்தால் உடனே வேண்டாம் என்றுவிடுங்கள். டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆள் பிடிப்பதையும், நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. டாக்டர் என்ற பதிவு உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது.

விவரத்தைக் கொடுப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சிகிச்சைக்காக அவர்கள் சொன்னதைச் சிகிச்சைக்காகப் பயன்படுத்தலாம். விளம்பரத்துக்கு அதே சம்மதம் செல்லாது, தனியாகக் கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அந்தச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. கம்பெனிக்காரர் உங்களுக்காக வேலை செய்பவர், அவர் கையில் கசிந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்களுக்கு அந்தத் தொகை வராது, ஆனால் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்குச் சொல்கிறேன். சம்மதம் கேட்கும் தாள் தமிழில் கிடைக்க வேண்டும், கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். எச்.ஐ.வி. நிலைக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அந்த விவரம் மெசேஜ் அனுப்பும் எந்த சாஃப்ட்வேரிலும் ஏறவே கூடாது.

ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்தால், இவற்றை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பட்டியலை அவர் வேறு மருத்துவமனைக்கோ மருந்துக் கம்பெனிக்கோ இன்ஷூரன்ஸ்காரருக்கோ காட்டமாட்டார் என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும். நீங்கள் விலகும்போது முழு விவரத்தையும் எக்செல்லில் திறக்கும்படி, தனிக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். தன் பிரதியை அழித்துவிட்டதாகக் கடிதமும் தர வேண்டும். பேக்கப் எங்கே, எத்தனை நாளுக்கு ஒரு முறை, கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸின் சர்வர்களை யாரோ முடக்கியபோது அவ்வளவு பெரிய இடமே பல நாள் பேனாவும் தாளுமாக ஓ.பி. பார்த்தது. விலை பேசுவது அதற்கெல்லாம் அப்புறம்.

அதுவரை அந்த நீள நோட்டு போதும். சிஸ்டர் எழுதியதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் உங்கள் கணவர் பத்து நிமிடம் புரட்டட்டும். உங்கள் மாமனாரால் முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முப்பது பழனியம்மாள்களில் எந்தப் பழனியம்மாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.